டிலீட் செய்த பைல் எங்கே போகிறது?

நான்கு ஜிபி அளவுள்ள ஒரு வீடியோ பைலைப் பென் டிரைவிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து பாருங்கள். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிவதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். இப்போது அதே பைலை டிலீட் செய்து பாருங்கள். கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். எழுதுவதற்கு இவ்வளவு நேரம் எடுத்துக் கொண்ட ஒன்றை, அழிப்பதற்கு மட்டும் ஏன் நேரமே ஆகவில்லை?

கம்ப்யூட்டர் அந்தப் பைலை உண்மையில் அழிக்கவில்லை என்பதுதான் காரணம். அந்தப் பைல் இருக்கும் இடத்தைக் குறித்து வைத்திருந்த பட்டியலில் மட்டும் ஒரு சிறிய மாற்றத்தைச் செய்துவிட்டு, "வேலை முடிந்தது" என்று சொல்லிவிடுகிறது. பைலில் இருந்த தகவல்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று. தவறுதலாக நீக்கிய திருமண போட்டோக்களை மீட்க முடிவதும் இதனால்தான். நாம் விற்றுவிட்ட பழைய கம்ப்யூட்டரிலிருந்து நம் பேங்க் விவரங்களை வேறு ஒருவர் எடுக்க முடிவதும் இதனால்தான். டிலீட் கீயை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை இங்கு பார்ப்போம்.

லாட்ஜும் லெட்ஜரும்

ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெரிய லாட்ஜ் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் ஒரே அளவிலான லட்சக்கணக்கான அறைகள் உள்ளன. இந்த அறைகளுக்குக் கிளஸ்டர் என்று பெயர். விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எப்.எஸ். முறையில் ஒரு கிளஸ்டரின் அளவு வழக்கமாக 4 கேபி. உங்கள் மொபைலில் எடுத்த 3 எம்பி அளவுள்ள ஒரு போட்டோவை இதில் சேமித்தால், அதற்கு 768 அறைகள் தேவைப்படும். அடுத்தடுத்த அறைகள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் முதல் மாடியில் கொஞ்சம், நான்காம் மாடியில் கொஞ்சம் என்று பிரித்துத் தங்க வைக்கும்.

எந்தப் பைல் எந்தெந்த அறைகளில் இருக்கிறது என்பதற்கு வரவேற்பறையில் ஒரு லெட்ஜர் வேண்டும் அல்லவா? என்.டி.எப்.எஸ். முறையில் இந்த லெட்ஜரின் பெயர் மாஸ்டர் பைல் டேபிள். பைலின் பெயர், அளவு, உருவான தேதி, அது தங்கியிருக்கும் அறைகளின் எண்கள் ஆகியவை இதில் இருக்கும். இதைத் தவிர, எந்த அறை காலி, எந்த அறையில் ஆள் இருக்கிறது என்று காட்டும் சாவிப் பலகை போன்ற இன்னொரு பட்டியலும் உண்டு.

நீங்கள் ஒரு பைலை நிரந்தரமாக நீக்கும்போது விண்டோஸ் செய்வது இவ்வளவுதான். லெட்ஜரில் அந்தப் பைலுக்கான வரி இனிப் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு குறி இடுகிறது. அதன் அறைச் சாவிகளைப் பலகையில் மாட்டி, அந்த அறைகள் காலி என்று காட்டுகிறது. அறைக்குள் இருக்கும் பெட்டி, படுக்கையை யாரும் தொடுவதில்லை. அடுத்த விருந்தாளி வந்து அந்த அறையில் தங்கும்போதுதான் பழைய பொருட்கள் வெளியே போகும்.

பைலை இடம் மாற்றும்போதும் இதை நீங்கள் கவனிக்கலாம். சி டிரைவில் ஒரு போல்டரிலிருந்து அதே டிரைவில் உள்ள இன்னொரு போல்டருக்கு எவ்வளவு பெரிய பைலைக் கட் செய்து பேஸ்ட் செய்தாலும் உடனே முடிந்துவிடும். லெட்ஜரில் மட்டும்தான் மாற்றம். சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றினால் நேரம் ஆகும். அது வேறு லாட்ஜ். மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக் கொண்டு போக வேண்டும்.

ரீசைக்கிள் பின் செய்யும் வேலை

விண்டோஸ் 95 தொகுப்பு 1995-ஆம் ஆண்டு வெளியானபோது அதன் திரையில் ரீசைக்கிள் பின் என்ற குப்பைத்தொட்டியும் வந்தது. பைலைத் தேர்ந்தெடுத்து டிலீட் கீயை அழுத்தினால், பைல் முதலில் இங்குதான் வரும். ரீசைக்கிள் பின் என்பது அதே டிரைவில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு போல்டர்தான். பைலின் பழைய பெயரும் அது இருந்த இடமும் அங்கு குறித்து வைக்கப்படும். ரீஸ்டோர் கொடுத்தால் பைல் பழைய இடத்திற்கே திரும்பிவிடும்.

புதியவர்கள் இங்கு இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ரீசைக்கிள் பின்னில் பைல் இருக்கும்வரை டிஸ்க்கில் இடம் காலியாகாது. "இவ்வளவு பைல்களை நீக்கினேன், இடம் கூடவே இல்லையே" என்று பலர் குழம்புவார்கள். எம்ப்டி ரீசைக்கிள் பின் கொடுத்த பிறகுதான் அந்த இடம் கிடைக்கும்.

இரண்டாவது, எல்லாப் பைல்களும் இந்தத் தொட்டிக்கு வருவதில்லை. கீழ்க்காணும் நேரங்களில் பைல் தொட்டிக்கு வராமல் நேரடியாக நீங்கிவிடும்.

• ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு டிலீட் கீயை அழுத்தும்போது.

• பென் டிரைவ், கேமராவின் மெமரி கார்டு ஆகியவற்றில் உள்ள பைல்களை நீக்கும்போது.

• நெட்வொர்க்கில் வேறு கம்ப்யூட்டரில் உள்ள பைலை நீக்கும்போது.

• தொட்டிக்கு ஒதுக்கிய அளவைவிடப் பைல் பெரியதாக இருக்கும்போது. இந்த நிலையில் விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். படிக்காமலே யெஸ் அழுத்தும் பழக்கம் உள்ளவர்கள் பைலை இழப்பது இங்குதான்.

தொட்டி நிறைந்துவிட்டால், பழைய பைல்களை விண்டோஸ் தானாகவே வெளியேற்றும். ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வசதி இயங்கினால், தொட்டியில் 30 நாட்களைத் தாண்டிய பைல்கள் தானாக நீக்கப்படும்படி வழக்கமாக அமைக்கப்பட்டிருக்கும். எனவே முக்கியமான பைலைப் பாதுகாக்கும் இடமாக இதை நினைக்க வேண்டாம்.

விண்டோஸ் 8 முதல், டிலீட் கீயை அழுத்தினால் "நிச்சயமாக நீக்கவா?" என்ற கேள்வி வராது. பைல் நேரே தொட்டிக்குப் போய்விடும். ரீசைக்கிள் பின் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்து, டிஸ்பிளே டிலீட் கன்பர்மேஷன் டயலாக் என்ற கட்டத்தில் டிக் செய்திடவும். இந்தக் கேள்வி மீண்டும் கேட்கப்படும். சிறு குழந்தைகள் கம்ப்யூட்டரில் கை வைக்கும் வீடுகளில் இது அவசியம்.

முதல் எழுத்தைக் கேட்ட டாஸ்

தொட்டியிலிருந்தும் நீக்கிய பைலை மீட்பது புதிய வித்தை ஒன்றும் இல்லை. டாஸ் சிஸ்டம் பயன்படுத்திய காலத்திலேயே இது இருந்தது. டாஸ் ஒரு பைலை நீக்கும்போது, பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு தனிக் குறியாக மாற்றிவிடும். மற்ற எழுத்துகள் அப்படியே இருக்கும். 1991-இல் வெளியான எம்.எஸ். டாஸ் 5 தொகுப்பில் அன்டிலீட் என்று ஒரு கட்டளை தரப்பட்டது. அதை இயக்கினால், நீக்கிய பைலின் பெயரை முதல் எழுத்து இல்லாமல் காட்டி, "முதல் எழுத்து என்ன?" என்று உங்களிடமே கேட்கும். நீங்கள் சொன்னதும் பைல் திரும்பிவிடும். நீக்குதல் என்பது பட்டியலில் மட்டும் நடக்கும் மாற்றம் என்பதற்கு இதைவிட எளிய சான்று இருக்க முடியாது.

இன்றைய மீட்பு சாப்ட்வேர்கள் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. முதல் வழி, லெட்ஜரில் குறியிடப்பட்ட வரிகளைப் படிப்பது. அந்த வரி இன்னும் வேறு பைலுக்கு ஒதுக்கப்படவில்லை என்றால், பெயர், அளவு, அறை எண்கள் எல்லாமே கிடைத்துவிடும்.

லெட்ஜரே கெட்டுப் போயிருந்தால் இரண்டாவது வழி. சாப்ட்வேர் ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்கும். ஒவ்வொரு வகைப் பைலுக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் போட்டோ எதுவானாலும் அதன் முதல் இரண்டு பைட்கள் 255, 216 என்ற எண்களாகவே இருக்கும். கடைசி இரண்டு பைட்கள் 255, 217 என்று முடியும். இந்தத் தொடக்கத்தையும் முடிவையும் தேடிப் பிடித்து, இடையில் உள்ளதைப் போட்டோவாகச் சேர்த்துத் தரும். இந்த வழியில் மீட்கும் பைல்களுக்குப் பழைய பெயர் இருக்காது. ஏதோ ஒரு எண்ணே பெயராக இருக்கும். பல இடங்களில் சிதறிக் கிடந்த பைல் என்றால், போட்டோவின் மேல் பாதி சரியாகவும் கீழ்ப் பாதி குழம்பியும் வரலாம்.

தவறுதலாக நீக்கிவிட்டால்

இப்போது நடைமுறைக்கு வருவோம். முக்கியமான பைல் ஒன்று போய்விட்டது. கீழ்க்கண்ட வரிசையில் செயல்படுங்கள்.

1. நீக்கியது சற்று முன்தான் என்றால் கண்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தவும். பைல் திரும்பலாம்.

2. ரீசைக்கிள் பின்னைத் திறந்து, நீக்கிய தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பார்க்கவும். இருந்தால் ரீஸ்டோர் கொடுக்கவும்.

3. அங்கும் இல்லை என்றால், அந்த டிரைவைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தவும். மிக முக்கியமான படி இதுதான். புதிய விருந்தாளி வராதவரைதான் அறையில் பழைய பொருள் இருக்கும். நீங்கள் இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்தால்கூட பிரவுசர் பல சிறிய பைல்களை சி டிரைவில் எழுதும். அவற்றில் ஒன்று உங்கள் போட்டோ இருந்த அறைக்குப் போகலாம்.

4. மீட்பு சாப்ட்வேரை அதே டிரைவில் டவுன்லோட் செய்து நிறுவ வேண்டாம். மீட்க வந்த சாப்ட்வேரே, மீட்க வேண்டிய பைலின் மேல் போய் உட்கார்ந்துவிடலாம். கம்ப்யூட்டரை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் இணைத்துத் தேடுவதே சரியான வழி.

5. மீட்ட பைல்களை அதே டிரைவில் சேமிக்க வேண்டாம். வேறு டிரைவில் அல்லது பென் டிரைவில் சேமிக்கவும்.

இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேர்கள் உள்ளன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020-இல் விண்டோஸ் பைல் ரெகவரி என்ற தொகுப்பை வெளியிட்டது. இதில் பட்டன்கள் இல்லை. கட்டளைகளை டைப் செய்துதான் இயக்க வேண்டும். போட்டோரெக் என்ற தொகுப்பு, நாம் மேலே பார்த்த இரண்டாவது வழியில், பைலின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடும்.

கேமராவின் மெமரி கார்டில் போட்டோக்கள் போய்விட்டால் அந்தக் கார்டில் மேலும் ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். கார்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு மீட்பு வேலையைத் தொடங்கவும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்ற சத்தமோ உரசும் சத்தமோ வந்தால் எந்தச் சாப்ட்வேரையும் இயக்க வேண்டாம். உள்ளே இயந்திரப் பகுதி பழுதாகியிருக்கலாம். ஓட விட்டால் மிச்சமும் போகும். உடனே நிறுத்தி, டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுப்பதே நல்லது.

டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் இணைக்கும்போது, 48 இலக்க ரெகவரி கீ கேட்கப்படலாம். உங்கள் டிரைவ் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டுள்ளது என்பது இதன் பொருள். புதிய விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இது நாம் கேட்காமலே இயங்கத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கீயைப் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் காணலாம். இன்றே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எஸ்.எஸ்.டி. என்றால் கதை வேறு

இதுவரை சொன்னது சுழலும் தட்டுகள் கொண்ட ஹார்ட் டிஸ்க்கிற்கு முழுமையாகப் பொருந்தும். இப்போது விற்பனையாகும் பெரும்பாலான லேப்டாப்களில் எஸ்.எஸ்.டி. வகை டிரைவ்தான் இருக்கிறது. இதில் தட்டு இல்லை; சிப்கள் மட்டுமே உள்ளன.

எஸ்.எஸ்.டி.யில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. முதலில் துடைக்க வேண்டும். பிறகுதான் எழுத வேண்டும். எழுதும் நேரத்தில் துடைத்துக் கொண்டிருந்தால் வேகம் குறையும். எனவே 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல், ட்ரிம் என்ற ஏற்பாடு பயன்படுகிறது. பைல் நீக்கப்பட்டவுடன், "இந்த அறைகளில் இனி ஆள் இல்லை" என்ற பட்டியலை விண்டோஸ் எஸ்.எஸ்.டி.க்கு அனுப்பிவிடும். லாட்ஜில் ரூம் பாயிடம் சொல்லி உடனே அறையைச் சுத்தம் செய்யச் சொல்வது போலத்தான் இது. ஓய்வு கிடைக்கும்போது எஸ்.எஸ்.டி. அவற்றைத் துடைத்து வைத்துக் கொள்ளும்.

இதனால் வேகம் கிடைக்கிறது. ஆனால் தொட்டியையும் தாண்டி நீக்கிய பைல் மீண்டும் கிடைப்பதற்கான வாய்ப்பு மிகவும் குறைந்துவிட்டது. சில நிமிடங்களில்கூட எல்லாம் முடிந்திருக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பலமுறை பைல்களை மீட்ட அனுபவம் உள்ளவர்கள், எஸ்.எஸ்.டி.யிலும் அப்படி நடக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

மொபைல் போனிலும் இதே நிலைதான். போன் மெமரியில் உள்ள தகவல்கள் பூட்டப்பட்ட வடிவில் எழுதப்படுகின்றன. நீக்கிய எல்லாப் போட்டோக்களையும் மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் ஆப்களை நம்ப வேண்டாம். முதலில் போட்டோ ஆப்பிலேயே உள்ள குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸ் தொகுப்பில், பேக்கப் ஆன படங்கள் நீக்கிய பின்னரும் 60 நாட்கள் தொட்டியில் இருக்கும். பேக்கப் ஆகாதவை 30 நாட்கள் இருக்கும்.

பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன்

இனி இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். விண்டோஸ் 10 தொகுப்பிற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக் கொண்டது. எனவே பல வீடுகளில் பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறார்கள். அல்லது சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விற்கிறார்கள். கொடுக்கும் முன் "எல்லாவற்றையும் டிலீட் செய்துவிட்டேன்" என்ற திருப்தி இருக்கும். ஆனால் லெட்ஜரில் மட்டும்தான் பெயர் நீங்கியிருக்கிறது. ஆதார் ஸ்கேன், பாஸ்புக் பக்கம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், குடும்ப போட்டோக்கள் எல்லாம் அறைகளில் அப்படியே இருக்கலாம்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலாட் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பயன்படுத்திய பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158-ஐ விலைக்கு வாங்கினார்கள். அவற்றில் இயங்கியவை 129. இவற்றில் 69 டிஸ்க்குகளிலிருந்து பைல்களை மீட்க முடிந்தது. 49 டிஸ்க்குகளில் தனிநபர்களின் முக்கியமான தகவல்கள் இருந்தன. 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க், இல்லினாய் மாநிலத்தில் ஒரு ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்ததாகத் தெரிந்தது. அதில் ஓராண்டுக்கான பணப் பரிமாற்ற விவரங்கள் இருந்தன. 2003-இல் இந்த ஆய்வு வெளியானது. சரியாகத் துடைக்கப்பட்டிருந்த டிஸ்க்குகள் வெறும் 12 மட்டுமே.

பார்மட் செய்தால் போதாதா என்று கேட்கலாம். குவிக் பார்மட் என்பது பழைய லெட்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய லெட்ஜர் திறப்பதுதான். அறைகள் தொடப்படுவதில்லை. குவிக் பார்மட் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மட் செய்தால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டிஸ்க் முழுவதும் பூஜ்யங்கள் எழுதப்படுகின்றன. பழைய எக்ஸ்பி தொகுப்பில் முழு பார்மட்கூட அப்படி எழுதாது. கெட்ட இடங்கள் உள்ளனவா என்று சோதிக்க மட்டுமே செய்யும்.

விண்டோஸ் 10, 11 உள்ள கம்ப்யூட்டரை விற்பதற்கு எளிய வழி உண்டு. செட்டிங்ஸ் பிரிவில் ரெகவரி சென்று, ரீசெட் திஸ் பிசி தேர்ந்தெடுக்கவும். அதில் ரிமூவ் எவ்ரிதிங் கொடுக்கவும். பிறகு சேஞ்ச் செட்டிங்ஸ் கிளிக் செய்து, கிளீன் டேட்டா என்பதை யெஸ் என மாற்றவும். இதைச் செய்யாமல் விட்டால், மேலோட்டமாக மட்டுமே நீக்கப்படும்.

இன்னொன்றும் முக்கியம். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி, இ என்று டிரைவ்களைப் பிரித்து வைத்திருப்போம். விண்டோஸ் சி டிரைவில் இருக்கும். போட்டோக்களும் ஆவணங்களும் டி டிரைவில் இருக்கும். ரீசெட் செய்யும்போது, எல்லா டிரைவ்களிலும் உள்ள பைல்களை நீக்கவா என்று ஒரு தேர்வு தரப்படும். அதற்கும் யெஸ் கொடுக்க வேண்டும். இல்லை எனில் சி டிரைவ் பளிச்சென்று இருக்கும். உங்கள் குடும்ப விவரங்கள் டி டிரைவில் அப்படியே புதிய உரிமையாளருக்குப் போய்ச் சேரும். பெரிய ஹார்ட் டிஸ்க் என்றால் இந்த வேலை முடியப் பல மணி நேரம் ஆகும். பவர் கனெக்‌ஷன் கொடுத்துவிட்டு இரவில் ஓட விடுங்கள்.

எஸ்.எஸ்.டி. டிரைவ் என்றால், அதைத் தயாரித்த நிறுவனம் தரும் செக்யூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டரே இயங்காத நிலையில் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வைத்துக் கொண்டு மற்றதை மட்டும் கொடுங்கள். டிஸ்க் இல்லாததால் விலையில் குறையும் சில நூறு ரூபாயைப் பார்க்க வேண்டாம்.

மொபைல் போனை விற்கும்போது மெமரி கார்டையும் சிம்மையும் எடுத்துவிடுங்கள். உங்கள் அக்கவுண்ட்டை நீக்கிவிட்டு, பேக்டரி ரீசெட் செய்யுங்கள். பூட்டிய வடிவில் தகவல்களை வைத்திருக்கும் போன்களில், ரீசெட் செய்யும்போது அதன் சாவியே அழிக்கப்படுகிறது. சாவி இல்லாத பூட்டைத் திறக்க முடியாது.

ஒரு திரைப்படம் காணாமல் போன கதை

1998-ஆம் ஆண்டு. பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 என்ற கம்ப்யூட்டர் அனிமேஷன் படம் உருவாகிக் கொண்டிருந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டர்களில் யாரோ நீக்கும் கட்டளை ஒன்றைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டார். அந்த வகைக் கட்டளைக்கு ரீசைக்கிள் பின் கிடையாது. பார்த்துக் கொண்டிருக்கும்போதே பாத்திரங்களும் காட்சிகளும் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. படத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

பேக்கப் இருக்கிறதே என்று அதைத் திறந்து பார்த்தால், அது சரியாக வேலை செய்யாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த கேலின் சஸ்மன் என்பவர், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்தார். அதற்காகப் படத்தின் பிரதி ஒன்று அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து அலுவலகத்திற்குக் கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது. 1999-இல் வெளியானது.

இதிலிருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டியவை இரண்டு. முக்கியமான பைலின் ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். அந்தப் பிரதி திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். திறந்தே பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றில் பைல்கள் தானாக ஏறுவதால் பேக்கப் ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இவை செய்வது சிங்க். கம்ப்யூட்டரில் இருப்பதும் இன்டர்நெட்டில் இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக் கொள்ளும். எனவே இங்கே நீக்கினால் அங்கேயும் நீங்கிவிடும். அங்கும் தொட்டி உண்டு என்றாலும், அதற்கும் நாள் கணக்கு உண்டு. கூகுள் டிரைவில் அது 30 நாட்கள். பேக்கப் என்றால் இங்கே நீக்கினாலும் அங்கே நீங்காத தனிப் பிரதியாக இருக்க வேண்டும்.

சில சந்தேகங்கள்

பைலை ஒருமுறை பூஜ்யங்களால் எழுதினால் போதுமா, ஏழு முறை எழுத வேண்டுமா?

இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஒருமுறை முழுவதும் எழுதினாலே போதுமானது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இது கூறப்பட்டுள்ளது. 35 முறை எழுத வேண்டும் என்று சிலர் கூறுவது, 1996-இல் பீட்டர் கட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அது அந்தக் காலப் பழைய வகை டிஸ்க்குகளை மனதில் வைத்து எழுதப்பட்டது.

நிறைய பைல்களை நீக்கினால் கம்ப்யூட்டர் வேகமாக இயங்குமா?

டிஸ்க் நிறைந்து வழியும் நிலையில் இருந்தால் வேகம் சற்றுக் கூடும். பாதிக்கு மேல் காலியாக இருக்கும் டிஸ்க்கில் நூறு போட்டோக்களை நீக்குவதால் வேகத்தில் மாற்றம் எதுவும் தெரியாது. வேகத்திற்காக ஆசைப்பட்டு, பெயர் தெரியாத சிஸ்டம் பைல்களை நீக்க வேண்டாம்.

பென் டிரைவில் நீக்கிய பைல் கிடைக்குமா?

ரீசைக்கிள் பின்னில் கிடைக்காது. ஆனால் அதன்பின் எதுவும் எழுதாமல் இருந்தால், மீட்பு சாப்ட்வேர் மூலம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதே காரணத்தால், முக்கியமான ஆவணங்கள் இருந்த பென் டிரைவைக் கடைக்காரரிடமோ நண்பரிடமோ கொடுக்கும் முன் முழு பார்மட் செய்து கொடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

உங்கள் கம்ப்யூட்டரில் போனால் திரும்பி வராத பைல்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள். சாப்ட்வேர்கள் போனால் மீண்டும் நிறுவிக் கொள்ளலாம். பாட்டும் படமும் போனால் மீண்டும் கிடைக்கும். மறைந்த பெற்றோரின் போட்டோ, குழந்தையின் முதல் வீடியோ, நிலப் பத்திரத்தின் ஸ்கேன், ஆண்டுக் கணக்காக எழுதிய வரவு செலவுக் கணக்கு ஆகியவை எந்தக் கடையிலும் கிடைக்காது.

இவற்றை எல்லாம் ஒரே போல்டரில் சேருங்கள். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி அதில் காப்பி செய்யுங்கள். காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் இணைத்தே வைத்திருந்தால் வைரஸ் வந்தாலோ மின்சாரத்தில் கோளாறு ஏற்பட்டாலோ இரண்டும் சேர்ந்து போகும். முடிந்தால் இன்னொரு பிரதியை அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ வையுங்கள். மாதம் ஒருமுறை புதிய பைல்களைச் சேர்த்து, அந்தப் பிரதியிலிருந்து ஏதேனும் இரண்டு பைல்களைத் திறந்து பாருங்கள். சரியாகத் திறந்தால், அந்த மாதத்திற்குக் கவலை இல்லை.